ஏழாவது வளைவில் முப்பதில் ஒரு நொடி

உலகத்தில் உள்ள உண்மை முழுவதும் ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. அதைவிட வேகமாக ஷட்டரைத் திறந்து மூடுகிறவன் படம் எடுக்கவில்லை, பயந்துபோய்க் கண்ணைச் சிமிட்டுகிறான். பத்திரிகையாளர் அறையில் காகிதக் கோப்பையில் டீயை ஆற்றிக்கொண்டே, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இதை அவன் அறிவித்தான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆறு பேர். அந்தப் பருவத்தின் ஒன்பது பந்தயங்களிலும் இதே அறிவிப்பைக் கேட்டிருந்தவர்கள். பத்தாவது முறையும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். டீ ஃபிளாஸ்க் அவன் பக்கத்தில் இருந்தது.

கார்ப் பந்தயத்தைப் படம் எடுப்பவர்கள் மத்தியில் அவனுக்கு முப்பது என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டையில் மட்டும் காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

"ஆயிரத்துல ஒரு நொடியில எடுத்தா என்ன கிடைக்கும்?" என்று அவன் தொடர்ந்தான். "சக்கரம் அப்படியே நிக்கும். உள்ள இருக்கிற கம்பிய எண்ணலாம். கம்பி எண்ணணும்னா அதுக்குன்னு வேற இடம் இருக்கு, இவ்ளோ செலவு பண்ணி லென்ஸ் வாங்க வேண்டாம். கார் நிக்குது, டிரைவர் உள்ள உக்காந்து யாருக்கோ காத்திட்டிருக்கான். இதுக்குப் பேரு பந்தயமா? பார்க்கிங்."

பேச்சு யாரைக் குறிவைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். மூலையில் உட்கார்ந்து லென்ஸைப் பஞ்சுத் துணியால் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்த மனிதருக்கும் தெரியும். அவரை எல்லோரும் இன்சூரன்ஸ் என்று கூப்பிட்டார்கள். ட்ராக்குக்கு வருவதற்கு முன் பத்து வருடம் இடிபட்ட கார்களை ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்காகப் படம் எடுத்தவர். முன்பக்கம், பின்பக்கம், நம்பர் பலகை, நசுங்கிய இடம், நசுங்கிய இடத்தின் மேல் ஒரு ஸ்கேல். அந்தப் பழக்கம் விடவில்லை. ஷட்டர் எப்போதும் ஆயிரத்தில் இருக்கும். பொத்தானில் விரலை வைத்து அழுத்தினால் லேசில் விட மாட்டார். கேமரா ஒரு மூச்சில் இருபது படத்தைத் தடதடவென்று கொட்டித் தீர்க்கும்.

"அண்ணே, உங்களச் சொல்லல" என்றான் முப்பது. அவரைச் சொன்ன பிறகு தவறாமல் சொல்லும் வாக்கியம் அது. "நீங்க எடுக்கறது படமே இல்லையே. ஆதாரம்."

"ஆதாரத்துக்கும் ஆள் வேணுமில்ல" என்றார் இன்சூரன்ஸ், துடைப்பதை நிறுத்தாமல்.

"வேணும் வேணும். கோர்ட்டு வாசல்ல வேணும்."

ஆறு பேரும் சிரித்தார்கள். ஃபிளாஸ்க்கில் இன்னும் பாதி இருந்தது.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். வாய் நீளமாக இருந்த அளவுக்குக் கையும் சுத்தமாக இருந்தது. முப்பதில் ஒரு நொடி என்பது மெதுவான ஷட்டர். அது திறந்திருக்கும் நேரம் முழுவதும் கேமராவைக் காரோடு சேர்த்து, கார் போகும் அதே வேகத்தில், திருப்ப வேண்டும். சரியாகத் திருப்பினால் கார் கூர்மையாக நிற்கும். வேலி, டயர் சுவர், கூட்டம் எல்லாம் கோடு கோடாக இழுபட்டு ஓடும். கொஞ்சம் பிசகினால் எல்லாமே கோடுதான். அவன் காலை வைக்கும் விதமே தனி. கார் எங்கே போய் முடியுமோ அந்தத் திசைக்குக் கால் விரல்களை ஊன்றிவிட்டு, இடுப்பை மட்டும் பின்னால் முறுக்கிக் காருக்காகக் காத்திருப்பான். வந்ததும் முறுக்கு தானாக அவிழும். முழங்கை விலாவை விட்டு விலகாது. பொத்தானை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்த மாட்டான். அங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். பட்டப்பகல் வெயிலில் இவ்வளவு மெதுவான ஷட்டர் என்றால் படம் வெளுத்துப்போகும். அதற்காக லென்ஸின் மூக்கில் ஒரு கறுப்புக் கண்ணாடியைத் திருகி வைத்திருந்தான். நாற்பது எடுத்தால் முப்பத்தெட்டு குப்பைக்குப் போகும். மீதி இரண்டைப் பார்த்தால் யாருக்கும் வாயடைக்கும். யாருக்கும் என்றால், அவனுடைய அம்மாவைத் தவிர.

சலவைக் கடைக்கு மேலே மூன்று அறை வீடு அவர்களுடையது. கீழே இஸ்திரி மேசைகள் ஓடும் நேரமெல்லாம் தரை வெதுவெதுப்பாக இருக்கும். அம்மா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவள். கோப்பில் இல்லாத எதுவும் நடக்கவில்லை என்பது அவள் கொள்கை. கூடத்துச் சுவரில் மூத்தவன் எடுத்த படங்கள் ஐந்து சட்டம் போட்டுத் தொங்கின. ஐந்திலும் ஓடியது இளையவனின் கார்.

அன்றைக்கே, பருவத்தின் பத்தாவதும் கடைசியுமான பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம், சாப்பாட்டுத் தட்டோடு அம்மா அந்தச் சுவர் முன்னால் நின்றாள்.

"டேய், இதுல உன் தம்பி எங்கடா?"

"அந்தச் சிவப்புக் கோடும்மா."

"நான் பெத்தது கோடா?"

"நல்லாப் பாரும்மா, நடுவுல ஹெல்மெட் தெரியுது" என்றான் தம்பி.

"ஹெல்மெட்டு கடையில வாங்கினது. அதை எதுக்கு மாட்டி வைக்கணும்."

தம்பி சிரித்தான். அவன் வார நாட்களில் ஒரு கியர்பாக்ஸ் பட்டறையில் மெக்கானிக். வாரக் கடைசியில் நாற்பத்தொன்றாம் எண் சிவப்புக் காரை ஓட்டுகிறவன். வயது இருபத்தொன்பது. அந்த விளையாட்டில் அது பேரன் எடுக்கும் வயது. அன்றைக்கு அவன் சிரித்ததில் முழு மனசு இல்லை. காரணம் வீட்டில் மூவருக்கும் தெரியும். அவனுடைய பந்தய உரிமத்தில் அந்த வருடம் இரண்டு எச்சரிக்கை விழுந்திருந்தது. மூன்றாவது விழுந்தால் ஒரு வருடம் தடை. விழாமல் முதல் ஐந்துக்குள் முடித்தால், அடுத்த வருடம் பெரிய கார் என்று அணி மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு வருடம் வெளியே உட்கார்ந்த முப்பது வயதுக்காரனுக்கு யாரும் எந்தக் காரும் தர மாட்டார்கள். அதற்கு வாக்கு எதுவும் தேவையில்லை.

"மஞ்சக் காரு ஏழாவது வளைவுல உள்பக்கம் இடம் விடறான்" என்றான் தம்பி. "அங்கதான் முந்தணும். நீ அங்கதான நிப்ப?"

"வேற எங்க நிப்பேன்."

"இன்சூரன்ஸ் அண்ணனும் அங்கதான இருப்பாரு?"

"இருப்பாரு, சுவத்துப் பல்லி மாதிரி."

"அப்படிச் சொல்லாத. போன தடவை அவர் எடுத்த படத்துலதான் என் முன் டயர் ஒரு ஓரமாத் தேயறது தெரிஞ்சுது. எங்க டீம் மெக்கானிக் அதப் பாத்துதான் சரி பண்ணான். நல்ல படம்டா அண்ணா, அது."

முப்பது சாப்பிடுவதை நிறுத்தினான். ஐந்து சட்டம் சுவரில் தொங்கும் வீட்டில், ஐந்துக்கும் உரிய சிவப்புக் கோடு தன் வாயால் இன்னொருவரின் டயர் படத்தை நல்ல படம் என்கிறது.  தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கேமராவின் பழைய கார்டுகளை அழித்து, பேட்டரிகளை வரிசையாகச் சார்ஜில் போட்டு, போகஸ் வளையம் நகராமலிருக்கக் கறுப்பு டேப் ஒரு துண்டு கிழித்துக் கேமராப் பையின் உள்பக்கம் ஒட்டி வைத்தான். ஒவ்வொன்றையும் தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தோடு செய்தான்.

மறுநாள் காலை ஏழாவது வளைவுக்கு அவன்தான் முதலில் போனான். வளைவின் உள்பக்கத்தில், கம்பி வேலியில் படம் எடுக்கவென்று வெட்டிவிட்ட சதுர ஓட்டை ஒன்று இருக்கிறது. அதன் பின்னால் ஒன்றரை ஆள் நிற்கலாம். கார்கள் பிரேக் போட்டு வளைவுக்குள் திரும்பும் இடம் பக்கவாட்டில் நேராகத் தெரியும். ஆரஞ்சு மேலங்கியின் பட்டையை இறுக்கினான். கேமராவின் தோள்வார் வேலியில் மாட்டாமலிருக்க உள்ளே செருகினான். காதில் பஞ்சு. ஒற்றைக்கால் ஸ்டாண்டைத் தரையில் ஊன்றி, கார் எந்த இடத்தில் வரும் என்று தெரிந்த வெள்ளைக் கோட்டின் மேல் முன்கூட்டியே போகஸ் வைத்து, வளையத்தின் மேல் டேப் ஒட்டினான். கறுப்புக் கண்ணாடியைத் திருகினான். முப்பது.

கொடிக்காரர் தன் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார். வருடக்கணக்காக அந்த வளைவில் கொடி காட்டுகிறவர். முப்பதின் உரைகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"என்ன சார், முப்பதா?"

"வேற என்ன இருக்கு உலகத்துல?"

பந்தயம் தொடங்கக் கால் மணி இருக்கும்போது இன்சூரன்ஸ் வந்தார். வழக்கம் போல வலது பக்க அரை ஆள் இடத்தில் ஒருக்களித்து நின்று, சோதனைக்காகப் பொத்தானை ஒருமுறை அழுத்தினார். தடதடதட.

"அண்ணே."

"ம்?"

"இந்தச் சத்தத்துல என் கை ஆடுது."

"இத்தனை நாளா ஆடலையே."

"இன்னைக்கு ஆடுது. இது கைவேலை பாக்கற இடம். இங்க நின்னு கம்பி எண்ணணுமா? மூணாவது வளைவு காலியாத்தான் கிடக்கு. பார்க்கிங் அதைவிடக் காலியாக் கிடக்கு. ஆதாரத்த எங்க நின்னு எடுத்தா என்ன."

கொடிக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் இன்சூரன்ஸ் அங்கேயே நின்றிருப்பாரோ என்னவோ. ட்ராக்கில் ஒரு வழக்கம் உண்டு: வேலி ஓட்டைக்கு முதலில் வந்தவன் வைத்ததே சட்டம். அவர் முப்பதின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லென்ஸ் மூடியை மாட்டி, பையைத் தோளில் போட்டு, "சரி, நல்லா எடு" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதில் கிண்டல் இல்லை. அதுதான் முப்பதுக்கு எரிச்சலாக இருந்தது.

முதல் எட்டுச் சுற்று ஒழுங்காகப் போயிற்று. தம்பி ஆறாவதாக ஓடினான்; முன்னால் மஞ்சள் கார் ஐந்தாவது. ஒன்பதாவது சுற்றில் இருவரும் நேர்ப்பாதையில் ஒட்டிக்கொண்டு வருவதை லென்ஸ் வழியே பார்த்ததும் முப்பது கால் விரல்களை ஊன்றினான். இடுப்பை முறுக்கினான். சிவப்பு ஹெல்மெட்டை நடுப்புள்ளியில் பிடித்தான். மஞ்சள் கார் பிரேக் போட்டது. தம்பி அதைவிடத் தாமதமாகப் போட்டு உள்பக்கம் நுழைந்தான். முறுக்கு அவிழ்ந்தது. கிளிக். கிளிக். கிளிக். மஞ்சள் கார் உள்பக்கம் திரும்பிய அதே நொடியில் சக்கரமும் சக்கரமும் உரசிப் புகை கிளம்பியது. கிளிக். கிளிக்.

மஞ்சள் கார் சுழன்று எதிர்ப்பக்க டயர் சுவரில் போய்ச் செருகியது. ஓட்டியவன் தானாக இறங்கினான், அடி எதுவும் இல்லை, டயர் சுவரை இரண்டு உதை விட்டான். தம்பியின் கார் நிற்காமல் வளைவைத் தாண்டிப் போய்விட்டது.

பக்கத்தில் யாருமில்லாத அந்த ஓட்டையில் நின்று, முப்பது கேமராவின் பின்பக்கத் திரையைக் கையால் வெயில் மறைத்துப் பார்த்தான். மூன்றாவது படம். ஹெல்மெட் ஊசி முனை போலக் கூர்மை. கண்ணாடி மறைப்புக்குள் தம்பியின் இரண்டு கண்கள்கூடத் தெரிந்தன. அதைச் சுற்றி உலகம் முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாகத் தீப்பிடித்து ஓடியது. பதினோரு வருடத்தில் இப்படி ஒன்று விழுந்ததில்லை. அவன் புன்னகைத்தான். தம்பி என்ன ஆனான் என்று தலையைத் தூக்கிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையைப் பின்னாளில் அவன் யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி ஐந்தாவதாக முடித்தான். முடித்த கையோடு நடுவர் அறைக்கு அழைப்பு வந்தது.

நீளமான மேசை, மூன்று நடுவர்கள், சுவரில் ட்ராக்கின் வரைபடம். விதி எளிமையானது. உள்பக்கமாக முந்துகிறவனின் முன் சக்கரம், வளைவு தொடங்கும்போது, மற்றவனின் பக்கக் கண்ணாடி வரைக்குமாவது வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் இடம் முந்துகிறவனுடையது. இடித்தது மற்றவன் தப்பு. வரவில்லை என்றால் முந்தியவன் தப்பு. வரவேயில்லை என்றான் மஞ்சள் கார்க்காரன். வந்தேன் என்றான் தம்பி. மேடையிலிருந்து பார்த்தேன், தாமதமாக நுழைந்த மாதிரி இருந்தது என்று கொடிக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். ஏழாவது வளைவின் கம்பத்தில் ஒரு கேமரா இருந்தது. அது வளைவின் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொடக்கத்தைப் பார்க்கச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லவில்லை. காருக்குள் கேமரா வைக்கும் விதி அடுத்த வருடம்தான் வரப்போகிறது.

"சார், எங்க அண்ணன் அங்கதான் நின்னான்" என்றான் தம்பி. குரலில் நிம்மதி இருந்தது. "கண்டிப்பா எடுத்திருப்பான்."

முப்பது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஐந்து படங்களையும் வரிசையாகத் திறந்தான். மூன்றாவதைப் பார்த்ததும் இடது பக்க நடுவர் தன்னை மறந்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அருமையா இருக்கு. வீட்டுல மாட்டலாம்."

தலைமை நடுவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவசரமில்லாத மனிதர். "இதுல ரெண்டாவது கார் எது?"

"அந்த மஞ்சளா இழுத்திருக்கே, அது சார்."

"அதோட பக்கக் கண்ணாடி?"

முப்பது திரையில் விரலை வைத்தான். விரலுக்குக் கீழே ஒரு மஞ்சள் மேகம் இருந்தது. விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். அங்கேயும் மேகம்தான்.

"சரி, விடுங்க. சிவப்பு காரோட முன் சக்கரம் எங்க முடியுது?"

மெதுவான ஷட்டரில் கேமரா எதைப் பிடித்துத் திரும்புகிறதோ அந்த ஒரு புள்ளிதான் கூர்மையாக இருக்கும். காரின் மூக்கும் வாலும் கரைந்துவிடும். அதில்தான் அழகே இருக்கிறது என்று அவன் ஒன்பது பந்தயங்களில் விளக்கியிருக்கிறான். பத்தாவது முறை விளக்கினான். குரல் எடுபடவில்லை.

"எவ்ளோ ஷட்டர்?"

"முப்பதுல ஒண்ணு சார்."

தலைமை நடுவர் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். "வளைவுல மணிக்கு நூத்தி இருபதுன்னு வைங்க. நீங்க ஷட்டரைத் திறந்து மூடறதுக்குள்ள கார் ஒரு மீட்டருக்கு மேல போயிடுது. நாங்க தேடறது ஒரு சாண்."

 மஞ்சள் கார்க்காரன் தொண்டையைச் செருமினான்.

"அங்க வேற யாரும் படம் எடுக்கலையா?"

முப்பது லேப்டாப்பின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பிக்கு முகம் மலர்ந்தது. "இன்சூரன்ஸ் அண்ணன் சார். அவர் எப்பவும் அங்கதான் நிப்பார். ஒவ்வொரு காரையும் இருபது இருபதா எடுப்பார்."

ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். இன்சூரன்ஸ் பையைத் தோளிலிருந்து இறக்காமலே வாசலில் நின்றார்.

"நான் மூணாவது வளைவுல இருந்தேன் சார்."

"வழக்கமா ஏழாவதுலதான் நிப்பீங்கன்னு சொல்றாங்களே. ஏன் மாறிட்டீங்க?"

அவர் முப்பதைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட சிரமம் முப்பதுக்கு மட்டும் தெரிந்தது. "அங்க வெளிச்சம் நல்லா இருந்துச்சு" என்றார்.

முப்பது வாயைத் திறந்திருக்கலாம். நான்தான் விரட்டினேன் என்று சொல்வதால் படம் ஒன்றும் முளைத்துவிடப் போவதில்லை என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். நியாயம் சரியாகத்தான் இருந்தது. அது எப்போதும் அவன் பக்கத்தில் வந்து நின்றுகொள்ளும், ஃபிளாஸ்க்கைப் போல.

தீர்ப்பு ஒரு பக்கத்தில் அடங்கியது. மறுக்க ஆதாரம் இல்லாததால் கொடிக்காரரின் வாக்குமூலம் ஏற்கப்படுகிறது. மூன்றாவது எச்சரிக்கை. ஒரு வருடம் தடை.

வீட்டுக்கு முப்பதுதான் வண்டி ஓட்டினான். தம்பி ஹெல்மெட்டை மடியில் வைத்திருந்தான். இரண்டு சிக்னல் தாண்டின.

"கண்ணாடியத் தாண்டிட்டேன்டா அண்ணா. அவன் கண்ணாடியில என் டயரையே பாத்தேன்."

"தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும். உன் படத்துல தெரியலையே."

மூன்றாவது சிக்னல்.

"இன்சூரன்ஸ் அண்ணன நீ எதுனா சொன்னியா?"

"இல்லையே."

"சும்மா கேட்டேன். அவருக்கு வெளிச்சமெல்லாம் ஒரு விஷயமே இல்ல, அதான்."

"வயசாகுதில்ல" என்றான் முப்பது.

"ம்" என்றான் தம்பி. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அழகா இருக்குடா அந்தப் படம்" என்றான். அவன் கிண்டல் பண்ணுகிறானா என்று முப்பது திரும்பிப் பார்த்தான். பண்ணவில்லை.

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற வண்டி ஹார்ன் அடித்த பிறகுதான் முப்பதுக்கு அது தெரிந்தது.

அணி மேலாளர் ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினார், மிகவும் வருந்தினார், பெரிய காரை வேறொருவருக்குக் கொடுத்தார். நாற்பத்தொன்றாம் எண்ணுக்கும் ஒரு புது ஆள் வந்தான். தம்பி வாரக் கடைசிகளிலும் கியர்பாக்ஸ் பட்டறைக்குப் போனான். அங்கே வாரக் கடைசியில் வேலையில்லை. பூட்டைத் திறந்து, உள்ளே உட்கார்ந்திருந்துவிட்டு, பூட்டிக்கொண்டு வருவான்.

மூன்றாவது படம் மட்டும் அதன் பாட்டுக்கு முன்னேறியது. வருடத்தின் சிறந்த படம் என்று ட்ராக் நிர்வாகம் அதைத் தேர்ந்தெடுத்து, புதிய பருவத்தின் போஸ்டராக அடித்து, வாசலிலிருந்து கழிப்பறை வரை ஒட்டியது. நிர்வாகம்தான் நடுவர்களையும் நியமிக்கிறது. இதில் ஏதாவது விசித்திரம் இருப்பதாக அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கீழே பெரிய எழுத்தில் 'அச்சமில்லை' என்று போட்டிருந்தார்கள். பத்திரிகையாளர் அறையில் கைதட்டினார்கள். இந்த முறை ஃபிளாஸ்க் வேறு பக்கம் இருந்தது, உண்மையாகவே தட்டினார்கள்.

வீட்டுக்கு ஒரு பிரதி வந்தது. அம்மா அதை விரித்து, மேசையின் நான்கு மூலையிலும் கிண்ணம் வைத்து, குனிந்து பார்த்தாள்.

"இதுல தெரியறான்டா. கண்ணு தெரியுது. எம்புள்ளதான்."

பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவள் தன் மகனைக் கோட்டுக்குள் கண்டுபிடித்திருந்தாள். தம்பி வந்து பார்த்தான். கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, போஸ்டரைச் சுருட்டி, ரப்பர் போட்டு, அலமாரி மேல் வைத்தான். கிழித்திருந்தால் முப்பதுக்குக் கொஞ்சம் நன்றாகத் தூக்கம் வந்திருக்கும்.

"இந்த வருஷம் முதல் பந்தயம் ஞாயித்துக்கிழமை" என்றான் முப்பது. "வரியா, சும்மா?"

"வெயில்டா" என்றான் தம்பி. அவன் வெயிலைப் பற்றிப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முப்பது ஏழாவது வளைவுக்கு முதலில் போய்ச் சேர்ந்தான். ஓட்டையின் இடது பக்கம் ஒருக்களித்து நின்றான், வலது பக்கத்தில் ஒரு முழு ஆளுக்கு இடம் விட்டு. இன்சூரன்ஸ் வந்து அந்த இடத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பையை இறக்கி வைத்து நின்றுகொண்டார். இருவர் முழங்கையும் உரசிக்கொண்டன. யாரும் நகரவில்லை.

கொடிக்காரர் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தார். "போஸ்டர் பாத்தேன் சார். அடேங்கப்பா. இன்னைக்கும் முப்பதுதானே?"

"ம்" என்றான் முப்பது.

கொடிக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். முப்பது லென்ஸின் மூக்கிலிருந்து கறுப்புக் கண்ணாடியைத் திருகிக் கழற்றினான். மேலங்கியின் பாக்கெட்டில் போட்டான். போகஸ் வளையத்தின் டேப்பை உரித்தான். ஷட்டர் சக்கரத்தை வயிற்றோடு மறைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாகத் திருப்பினான். அறுபது, நூற்றிருபத்தைந்து, இருநூற்றைம்பது, ஐந்நூறு, ஆயிரம். பொத்தானையும் தொடர்ந்து எடுக்கும் நிலைக்குத் தள்ளினான்.

அந்தப் பருவத்திலிருந்து எல்லாக் கார்களுக்குள்ளும் கேமரா கட்டாயமாகியிருந்தது. ஓட்டுநரின் தலைக்கு மேலே ஒன்று, பின்னால் ஒன்று. யாருடைய சக்கரம் யாருடைய கண்ணாடி வரை வந்தது என்று கேட்க இனி எந்த நடுவருக்கும் எந்தப் புகைப்படக்காரனும் தேவையில்லை. விதி அறிவிப்பு பத்திரிகையாளர் அறையில், போஸ்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. முப்பது அதை இரண்டு முறை படித்திருந்தான்.

முதல் சுற்றில் கார்கள் வளைவுக்குள் பிரேக் போட்டுத் திரும்பின. புது ஆள் ஓட்டிய நாற்பத்தொன்றாம் எண் சிவப்புக் கார் ஒரு நீலக் காரின் உள்பக்கம் நுழைந்தது. முப்பது பொத்தானை அழுத்தி, விடவில்லை.

தடதடதடதட.

அது பக்கத்திலிருந்த இன்சூரன்ஸின் கேமராச் சத்தம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாட்டிலை மெல்ல மூடினார். மேடையிலிருந்து கொடிக்காரரின் தலை மறுபடி எட்டிப் பார்த்தது. முப்பது திரையில் படத்தைப் பெரிதாக்கினான். சிவப்புக் காரின் முன் சக்கரம், உள்ளே பத்துக் கம்பி, ஐந்து நட்டு. அதற்குச் சற்றுப் பின்னால் நீலக் காரின் பக்கக் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண். இரண்டு கார்களும் நிறுத்தி வைத்த மாதிரி இருந்தன.

பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, சுற்று ஒன்று, நாற்பத்தொன்று, சக்கரம் கண்ணாடியைத் தாண்டிவிட்டது என்று எழுதிக்கொண்டான். அடுத்த கார் வரும் சத்தம் கேட்டது. இன்சூரன்ஸ் தன் முழங்கையைக் கொஞ்சம் உள்ளே இழுத்து அவனுக்கு இடம் கொடுத்தார்.